சுவரில் கை நுழையும் ஓட்டை

அன்னவாசல் பக்கம் குடும்பத்தோடு குடியேற நாங்கள் வாங்கிய பழைய தோட்டத்து வீட்டின் சமையலறைச் சுவரில், கை நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை இருந்தது. காற்றுக்காகவா, பகைவரை வேவு பார்க்கவா என்று இரண்டு நாள் ஆராய்ந்தேன். வரலாற்று நூல்களாகப் படித்தவனுக்கு வேறென்ன தோன்றும்? உள்ளே அதையொட்டியே இருந்த மோட்டார் சுவிட்ச் மட்டும் என் ஆராய்ச்சியில் சேரவில்லை.

"பாம்பு வரும்" என்று மனைவி முடித்துவைத்தாள். கொத்தனார் சிமெண்ட் பூசி அடைத்தார்.

நான்காம் நாள் பக்கத்து நிலத்துச் செல்லம்மாள் வந்தார்.

"கடலைய இப்பவே புடுங்கிரட்டுமாங்க? இன்னும் ரெண்டு தண்ணி பாய்ச்சுனா வெளஞ்சிரும்."

"என்னை ஏங்க கேக்குறீங்க?"

"கெணறு ரெண்டு வீட்டுக்கும் பொதுங்க. வீடு பூட்டிக் கெடந்தப்ப, நான் வெளிய நின்னு கைய விட்டு மோட்டாரு போட்டுக்கிறதுக்குத்தான் பழைய ஓனரு ஓட்டை வச்சாரு. நீங்க அடைச்சதும், தண்ணி கெடையாதுன்னு சொல்லாமச் சொல்றீங்கன்னு நெனச்சேன்."

பொதுக்கிணறு என்று பத்திரத்தில் இருந்ததை நான் படித்துமிருந்தேன். கொத்தனாருக்குக் காத்திராமல் நானே உளியை எடுத்தேன்.

"வெரலப் பாத்துங்க" என்றார் செல்லம்மாள். விரலில்தான் பட்டது.

இப்போது தினமும் நாங்கள் காபி குடிக்கையில் வளையல் போட்ட கை ஒன்று சுவருக்குள் வந்து சுவிட்சைப் போட்டுவிட்டுப் போகிறது. கடலை விளைந்து, எங்களுக்கும் ஒரு படி வந்தது.

வீட்டில் எனக்குப் புரியாதவை இன்னும் நிறைய இருக்கின்றன. இப்போதெல்லாம் நூலைத் தேடுவதில்லை. அந்தக் கை வரும்வரை காத்திருந்து கேட்டுக்கொள்கிறேன்.