பின்னால் ஒரு கேக்

என் தங்கை ஜெயித்தவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். பிறவியிலேயே வலது கையில் இரண்டு விரல்தான். சைக்கிள் ஓட்டக் கற்றாள். வலது கையால்தான் எழுத வேண்டும் என்று அடம்பிடித்த பள்ளிக்கூடத்தை இரண்டாம் வகுப்போடு விட்டாள். பேக்கரியில் வேலை வாங்கினாள். "இது என்னத்தைக் கிழிக்கும்?" என்று கேட்ட அதே முதலாளி, பிறகு அடுக்கு கேக் என்றால் அவளைத்தான் அனுப்பினார். கையெழுத்துக் கேட்ட இடத்தில் மட்டும் இடது கட்டைவிரலை மையில் ஒற்றுவாள்.

எங்கள் தெரு மலைச்சரிவில் இருக்கிறது. பாதி தெரு படிக்கட்டு. பேக்கரி சைக்கிளில் பின்பிரேக் பேருக்குத்தான். படிகளில் இறங்கும்போது அவள் சீட்டை விட்டு எழுந்து, இடுப்பைப் பின்னுக்குத் தள்ளி, கேக் பெட்டியோடு ஒட்டிக்கொள்வாள். முன்பிரேக்கை இடது கையால் தொட்டுத் தொட்டு விடுவாள். கிரீமில் ஒரு கீறல் விழுந்ததில்லை.

மலைச் சைக்கிள் வாடகைக்கு விடும் கடைக்காரர் இதைப் பார்த்துவிட்டுத்தான், "வழிகாட்டி வேலைக்கு வர்றியாம்மா?" என்று கேட்டார். ஒரே நிபந்தனை. உச்சியிலிருந்து ஓடைப் பாலம்வரை கால் தரையில் படாமல் இறங்க வேண்டும். பட்டால் அடுத்த வருஷம்தான். முதல் தடவை இவள் கடைசி வளைவில் கால் ஊன்றிவிட்டு, ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள்.

மறு வருஷம் கடைக்காரர் நல்ல வண்டி ஒன்றை முதல் நாளே கொடுத்தனுப்பினார். தையல் அறையில், துணி அலமாரிக்கும் சுவருக்கும் இடையில் முன்சக்கரத்தைச் சொருகி நிறுத்தினோம். அம்மா தையல்காரி. சுற்றுகிற எதைக் கண்டாலும் எண்ணெய் விடாமல் அம்மாவுக்கு இருப்புக்கொள்ளாது. மெஷின், கதவுக் கீல், பக்கத்து வீட்டுக் குழந்தையின் தள்ளுவண்டி, எதுவும் தப்பியதில்லை.

மறுநாள் காலை அம்மாவும் நானும் பாலத்தில் காத்திருந்தோம்.

"பின்சக்கரத்துல வட்டமா ஒரு தட்டு இருக்குல்ல? உரசுற மாதிரி இருந்துது. நாலு சொட்டு விட்டேன்" என்றார் அம்மா, பெருமையாக.

"அம்மா! அது பிரேக்கு!"

"பிரேக்குன்னா எண்ணெய் வேண்டாமாடி?"

"முன்சக்கரத்துக்கும் விட்டியா?"

"அங்க கை எட்டலை."

நான் பாலத்துச் சுவரில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மேலே பைன் மரங்களுக்கு நடுவே அவளுடைய மஞ்சள் சட்டை தெரிந்தது, மறைந்தது. பாறைப் படிகளின் தலைப்பில் மறுபடி தெரிந்தது. இடுப்பு பின்சக்கரத்துக்கு மேலே, கைகள் நீண்டு. அந்த நிலையை நான் எங்கள் தெருவில் தினம் பார்த்திருக்கிறேன். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

போன தடவை கால் ஊன்றிய வளைவையும் திரும்பிப் பாலத்தைக் கடந்தாள். கடந்த பிறகுதான் புல்லில் வண்டியோடு சாய்ந்தாள். பின்னாலேயே கடைக்காரர் வந்து இறங்கினார்.

"முதல் இறக்கத்துலயே பின்பிரேக்கைப் பிடிக்கறேன், வெண்ணெய் மாதிரி வழுக்குது!" என்றாள் தங்கை.

"நிறுத்தியிருக்கலாமேடி!"

"நிறுத்தினா கால் ஊனணுமே அக்கா. சரி, இது நம்ம பேக்கரி வண்டி, பின்னாடி மூணடுக்கு கேக்கு இருக்குன்னு நினைச்சுக்கிட்டேன். கீழ ஏரி எப்படி மின்னுச்சு தெரியுமா? அதைப் பார்க்கக்கூட நேரம் இருந்துது!"

"ரெண்டு பிரேக் இருந்தாலும் அந்தப் பாறையில நான் சாமியைக் கும்பிட்டுக்கிட்டுத்தான் இறங்குவேன்" என்றார் கடைக்காரர்.

"நல்லா வழுக்கிட்டுப் போகட்டும்னுதான் விட்டேன்" என்று அம்மா முனகினார்.

"வழுக்கத்தான் செஞ்சுதும்மா. இனிமே என் கடைப் பக்கம் எண்ணெய்க் குப்பியோட வந்துடாதீங்க."

கடையில் அவர் வழிகாட்டிகளின் பதிவேட்டைத் திறந்து, அவள் கட்டைவிரல்தான் ஒற்றுவாள் என்று மைப்பெட்டியையும் எடுத்து வைத்தார். தங்கை அதை ஓரமாகத் தள்ளிவிட்டுப் பேனாவைக் கேட்டாள். நான் திகைத்துப் பார்த்தேன். தோல்வியோடு வந்த அந்த நாளிலிருந்து, பேக்கரி மேசையில் சிந்திய மாவில் இடது விரலால் எழுதி எழுதி அழித்துக்கொண்டிருந்தாளாம். வீட்டில் ஒருவரிடமும் மூச்சு விடவில்லை.

இடது கையால், நாக்கைக் கடித்துக்கொண்டு, தன் பெயரைக் கோணலில்லாமல் எழுதினாள். பக்கத்தில் தேதியும் அவளே போட்டாள்: 2014 மார்ச் 16.