கொத்தனார் மனைவிக்குக் காட்டிய படங்கள்

மாடிப்படியில் வழுக்கி விழுந்ததில் கொத்தனாரின் மனைவிக்குக் கழுத்துக்குக் கீழே உணர்வு போய்விட்டது. படுத்த படுக்கையாக வெள்ளைக் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கண்ணு வேற எங்க போகும்?" என்று ஒருநாள் அவள் சொன்னது அவருக்குச் சுருக்கென்றது.

மறுநாள் முதல் வேலைக்குப் போன இடமெல்லாம் போனில் படமெடுத்தார். கம்பி வலையின் நிழல், இலையின் நரம்புகள், காய்ந்த சேற்றின் வெடிப்பு. சாயங்காலம் கைகால் கழுவியதும் போனை அவள் முகத்துக்கு மேலே பிடிப்பார். என்னவென்று அவள் சொல்ல வேண்டும்.

"தேன்கூடு."

"இல்ல, மணல் சலிக்கிற சல்லடை. கிட்டப் போய் எடுத்தேன்."

"ஏமாத்துறீங்க," என்று சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்காகவே சாரத்தின் உச்சிவரை ஏறினார். "கல்லு வைக்க வந்தியா, சினிமா எடுக்க வந்தியா?" என்று மேஸ்திரி கேலி செய்தார்.

மூன்றாம் வருடம் அவளுக்கு நெஞ்சில் சளி கட்டியது. ஆஸ்பத்திரியில் கைவிரித்துவிட்டார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றும் அவர் போனை எடுத்தார்.

"இன்னிக்குப் படம் வேணாம். நீங்க குனிங்க."

குனிந்தார். அவள் நெடுநேரம் பார்த்தாள்.

"இவ்வளவு இளைச்சிட்டீங்களே. தினமும் போன் நடுவுல இருந்துச்சு, நான் கவனிக்கவே இல்ல."

அவர் போனை ஓரமாக வைத்தார். அவள் கண்மூடும்வரை, அவள் பார்வைக்கு எட்டும்படி குனிந்தே உட்கார்ந்திருந்தார்.