வாசிக்கும் முறை வந்தபோது

ஐந்தாம் வகுப்பில் அண்ணன் ஒரு வருடம் தங்கிவிட்டதால், மண்ணூர்ப் பள்ளிக்கூடத்தில் நானும் அவனும் ஒரே வகுப்பு. அது 1991. கணக்குப் பாடத்தில் சாதுவாகத்தான் இருப்பான். தமிழ்ப் புத்தகத்தை ஒவ்வொருவராக எழுந்து வாசிக்கும்போது, முறை அவனை நெருங்கினால் போதும், குனிந்து சேவல் மாதிரி கூவுவான். வகுப்பே சிரித்துப் புரளும். டீச்சர் அவனை வெளியே முட்டி போட அனுப்புவார். வாசிப்பு அடுத்தவனுக்குப் போய்விடும். வெயிலில் முட்டி போட்டிருப்பவன் முகத்தில் ஏன் அத்தனை நிம்மதி என்று நான் யோசித்ததில்லை.

ஒருநாள் அவனுக்கு முன்னால் வாசிக்க வேண்டிய இரண்டு பேர் அம்மை போட்டு வரவில்லை. முறை சட்டென்று அவனிடம் வந்துவிட்டது. கூவ நேரமில்லை. எழுந்து நின்றான். புத்தகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். எனக்குப் பாவமாக இருந்தது. முன் பெஞ்சிலிருந்து திரும்பி முதல் வரியை மெல்லச் சொன்னேன். சடையைப் பிடித்து இழுத்து முதுகில் ஓங்கிக் குத்தினான்.

"இன்னாத்துக்குடா அடிக்கிற? சொல்லித்தானே குடுத்தேன்?" என்று அழுதேன்.

"உன்ன யாரு சொல்லச் சொன்னது?" என்று கத்தினான். அவன் கண்ணும் கலங்கியிருந்தது.

டீச்சர் பிரம்பை எடுத்தார், ஆனால் ஓங்கவில்லை. அவனையே கொஞ்ச நேரம் பார்த்தார். "சாயங்காலம் பெல் அடிச்சதும் போயிடாதே. இங்கயே இரு."

அன்றிலிருந்து தினமும் எல்லோரும் போன பிறகு அவன் மட்டும் இருக்க வேண்டியிருந்தது. அவன் பையையும் தூக்கிக்கொண்டு நான் வாசலில் காத்திருப்பேன். உள்ளே டீச்சர் தாழ்ந்த குரலில் ஏதோ சொல்வதும் அவன் முனகுவதும் கேட்கும். ஒரு குத்துக்கு இவ்வளவு பெரிய தண்டனையா என்று எனக்கே மனசு கேட்கவில்லை.

"இன்னமும் அவன நிறுத்தி வெச்சிகினுதான் கீறாங்கம்மா" என்றேன்.

"பொட்டப் புள்ளய அடிச்சான் இல்ல, நிக்கட்டும்" என்றாள் அம்மா.

தீபாவளி லீவுக்கு முந்தின வாரம் முறை மறுபடி அவனிடம் வந்தது. வகுப்பு சிரிக்கத் தயாராக இருந்தது. எழுந்தான். வரிக்கு அடியில் விரலை வைத்து, ஒரு சொல்லில் தடுக்கி, பின்னால் போய்த் திரும்ப வந்து, நாலு வரி வாசித்தான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. உட்கார்ந்தான். டீச்சர் "அடுத்து" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். எங்கள் எல்லோருக்கும் பெரிய ஏமாற்றம்.

சாயங்காலம் அம்மா கேட்டாள்: "இஸ்கூல்ல இன்னிக்கு இன்னா நடந்துச்சி?"

"ஒண்ணுமே நடக்கல" என்றேன்.