மணப்பெண் திறந்த அணை

நிச்சயதார்த்தத்துக்குப் போன இடத்தில் அணையைத் திறந்துவிட்டு வந்த அனுபவம் உங்களில் யாருக்காவது உண்டா? எனக்குப் போன வாரம் கிடைத்தது!

என் அக்கா மகள் கயல்விழி, எங்கள் பக்கத்து அணை ஒன்றில் உதவிப் பொறியாளர். வீடு விழுப்புரத்தில். மாப்பிள்ளை பார்த்திபனுக்குத் திண்டிவனத்தில் பைக் ஷோரூமில் வேலை. அவர் அம்மா அஞ்சலை, அணைக்குக் கீழே ஆற்றோரக் கிராமம் ஒன்றில் விவசாயம் பார்க்கிறார். அங்கிருந்து விழுப்புரம் வர ஒரு தரைப்பாலத்தைத் தாண்ட வேண்டும்.

மலைப்பக்கம் முந்தின நாளிலிருந்தே விடாத மழை. காலையில் மண்டபத்தில் கயலுக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. அணைக்கு நீர்வரத்து திடீரென்று ஏறிவிட்டது. அவளுக்குப் பதிலாக டியூட்டி பார்க்க வேண்டியவரோ, சாலையில் மரம் விழுந்து பாதி வழியில் மாட்டிக்கொண்டார்.

"நான் போய்த்தான் ஆகணும்மா" என்று எழுந்தாள் கயல்.

அக்காவுக்கு அழுகையே வந்துவிட்டது. "இன்னாடி சொல்ற? மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்து நின்னா நான் யாரைக் காட்டுறது?"

கயல் அதற்குள் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள். அக்கா என் பக்கம் திரும்பினாள். "நீயும் கூடப் போடி. ஜல்தியா இட்டுக்கினு வந்துடு."

ஏதோ கடையில் கற்பூரம் வாங்கப் போகிறவளை அனுப்புவதுபோல!

ஜீப்பில் போனோம். பட்டுப்புடவை, தலை நிறைய மல்லிகை, கையில் போன். வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள். மேலதிகாரியிடம் தண்ணீர் திறக்க உத்தரவு வாங்கினாள். ஆற்றோர ஊர்களில் ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லியாகிவிட்டதா என்று ஒவ்வோர் ஊராகக் கேட்டாள்.

அணையை எட்டிப் பார்த்தேன். விளிம்பு வரை காப்பி ஊற்றி வைத்ததுபோல ஒரே பழுப்பு... அதில் மரக்கிளைகள் சுழன்று சுழன்று வந்தன.

ஒரு போன் மட்டும் பாக்கி இருந்தது. பார்த்திபனுக்கு. ஸ்பீக்கரில் போட்டாள்.

"கிளம்பிட்டீங்களா?"

"இதோ வேன்ல ஏறிக்கினே இருக்கோம்."

"தரைப்பாலம் வழியா வராதீங்க. தண்ணி தொறக்கப் போறேன். ஹைவே பாலம் வழியா சுத்தி வாங்க."

"அவ்ளோ தூரம் சுத்தினா நல்ல நேரம் போயிடுமேங்க. ஒரு அரை மணி நேரம் பொறுத்துக்குங்களேன். அதுக்குள்ள தாண்டிடுறோம்."

நானும் அவள் காதருகே போய், "அரை மணிதானடி..." என்றேன். (உண்மையைச் சொல்கிறேன். அந்த இடத்தில் நீங்கள் இருந்திருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பீர்கள்.)

கயல் ஒரு கணம் கண்ணை மூடித் திறந்தாள்.

"முடியாதுங்க. இப்ப தொறந்தா கொஞ்சம் கொஞ்சமா விடலாம். தள்ளிப் போட்டா மொத்தமா விட வேண்டி வரும். அப்புறம் உங்க ஊர்ல வீட்டுக்குள்ளயே வந்துடும்."

மறுமுனையில் போன் கை மாறியது. அஞ்சலை அம்மா!

"இன்னாம்மா இது? நல்ல நாளும் அதுவுமா எங்களை வரவுடாம தண்ணி தொறக்கிறேன்றியே... இஷ்டம் இல்லன்னா சொல்லிடு."

சம்பந்தம் முறிந்தது என்றே முடிவு கட்டிவிட்டேன். கயல் குரலில் மட்டும் பதற்றம் இல்லை. ஆனால் முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

"இஷ்டம் இருக்கவே இருக்குது அத்தை. ஆனா ஆத்தோரக் கொல்லையில உங்க ஆயில் இன்ஜின் நிக்குதே, கொட்டாயில விதைக்கு வச்ச மல்லாட்டை மூட்டை இருக்குதே... அதையெல்லாம் மேட்டுக்கு ஏத்திட்டீங்களா? ஆடு எங்க கட்டியிருக்கு?"

ஸ்பீக்கரே அதிர்ந்தது.

"டேய்... எல்லாம் வேனை வுட்டு எறங்குங்கடா! கொல்லைக்கு ஓடுங்கடா!"

பாலத்தில் யாரும் இல்லை என்று அங்கிருந்த காவலர் உறுதி சொன்ன பிறகு சைரன் ஊதினார்கள். பொத்தானை அழுத்தப் போகும் நேரம் பார்த்து கரன்ட் போனது. இதற்குத்தானே வெயில் காலம் முழுக்க ஜெனரேட்டரைப் பிரித்து மாட்டி, ஷட்டர்களுக்கு கிரீஸ் போட்டு வைத்தார்கள்! ஜெனரேட்டர் ஒரே இழுப்பில் கிளம்பியது. முதல் ஷட்டர் முனகிக்கொண்டே மேலேறியது. அடியிலிருந்து தண்ணீர் சீறிக்கொண்டு வெளியே பாய்ந்தது.

கயல் என் கையைப் பிடித்து அழுத்தினாள். அவள் விரல்கள் சில்லென்று இருந்தன. அப்போதுதான் தெரிந்தது, அவளும் பயந்துகொண்டுதான் இருந்தாள் என்று.

வழியில் மாட்டிக்கொண்ட டியூட்டிக்காரர் ஒருவழியாக வந்து சேர்ந்தார். அவரிடம் பொறுப்பைக் கொடுத்துவிட்டு நாங்கள் மண்டபத்துக்குத் திரும்பியபோது மாப்பிள்ளை வீட்டாரும் அப்போதுதான் வந்து இறங்கினார்கள். பட்டு வேட்டிகள் எல்லாம் முழங்கால் வரை சேறு. இன்ஜினைத் தூக்கிய அடையாளமாக மாப்பிள்ளை சட்டையில் டீசல் வாடை. எங்கள் பெண் புடவையில் ஷட்டர் கிரீஸ். பொருத்தம் இதைவிட எப்படி அமையும்?

"நல்ல நேரம் போயிடுச்சே. வேற நாள் பார்த்துக்கலாமா?" என்று மாப்பிள்ளையின் பெரியப்பா இழுத்தார்.

அஞ்சலை அம்மா விடவில்லை. "கொல்லை இப்ப முழுசா தண்ணியில கீது. என் ஆடு, இன்ஜின், விதை எல்லாம் மேட்டுல கீது. இதைவிட நல்ல நேரம் இன்னா வோணும்? தட்டை மாத்துங்க!" என்றவர், கயலின் கன்னத்தை வழித்துத் திருஷ்டி எடுத்தார். "கோவத்துல ஒரு வார்த்தை சொல்லிட்டேன்... மனசுல வச்சிக்காதம்மா."

கயலுக்கு அப்போதுதான் கண் கலங்கியது. காலையிலிருந்து கலங்காத கண்!

தட்டு மாற்றினோம். அடுத்து கல்யாண மாதம். ஐப்பசி, கார்த்திகை என்ற பேச்சையே யாரும் எடுக்கவில்லை. வைகாசி என்றார் பெரியப்பா. "அப்ப ஷட்டர் மெயின்டனன்ஸ் இருக்கும்" என்றாள் கயல். தை என்றார். "பாசனத்துக்குத் தண்ணி விடுற வேலை இருக்கும்" என்றாள். பெரியப்பா திகைத்துப் போய்ப் பார்த்திபனைப் பார்த்தார். அவரோ சிரித்துக்கொண்டே, "அவங்களையே கேட்டுடுங்க பெரியப்பா" என்றார்.

கடைசியில், பாசனமும் முடிந்து மெயின்டனன்ஸும் தொடங்காத பங்குனியில் ஒரு நாள் முடிவானது.

ஊரெல்லாம் ஜோசியரைக் கேட்டுத் தேதி குறிக்கிறார்கள்... நாங்கள் அணையைக் கேட்டுக் குறித்திருக்கிறோம்!