மூன்றாவது டப்பா

பச்சையம்மாவுக்குக் காய்ச்சல் வந்ததே இல்லை. தொல்லையே அதில்தான் இருந்தது. மலைமேல் உள்ள பள்ளி விடுதியில் பிள்ளைகள் அடுத்தடுத்து டைபாய்டில் படுத்தபோது, சமையற்கட்டில் வேலை செய்த எல்லோருடைய மலத்தையும் சோதனைக்கு அனுப்பினோம். மற்றவர்கள் தப்பித்தார்கள். ஒரு நாள்கூட உடம்பு சரியில்லை என்று படுக்காத பச்சையம்மாவின் வயிற்றில் கிருமி குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது.

அதை அவளிடம் போய்ச் சொல்லும் வேலை எனக்கு வந்தது. நான் மெர்சிலின். சந்தவாசல்காரி. ஜவ்வாது மலையில் கிராம செவிலியராக இருந்தே தலை நரைத்துவிட்டது. எனக்குக் கோபம் சீக்கிரம் வரும் என்று மலை முழுக்கத் தெரியும். ஆனால் அன்றைக்கு என் குரல் எழும்பவில்லை.

"நானாங்க? நானா நர்சம்மா புள்ளைங்கள படுக்க வச்சேன்?" என்று கேட்டாள். அடுத்த கேள்வி, "இப்ப எப்பிடிங்க கீதுங்க?"

"எல்லாம் தேறிடுச்சிங்க. உன் மேல தப்பில்ல பச்சையம்மா. கிருமி சில பேரு உடம்ப ஒண்ணும் பண்ணாம உள்ளயே தங்கிரும். கை வழியா சோத்துக்குப் போவும். அவ்ளோதான்."

மாத்திரையை ஒரு வேளை விடாமல் தின்று முடிக்க வேண்டும். அதன்பின் மாதம் ஒரு தடவையாக மூன்று தடவை டப்பாவில் மலம் எடுத்துத் தர வேண்டும். மூன்றிலும் கிருமி இல்லை என்று வந்தால்தான் திரும்பக் கரண்டியைத் தொடலாம். அதுவரை விடுதியில் மட்டுமல்ல, வீட்டிலும் அடுத்தவருக்குச் சமைக்கக் கூடாது. இதையெல்லாம் சொன்னபோது வாய் பொத்திக் கேட்டுக்கொண்டிருந்தவள், வீட்டுச் சமையல் என்றதும் சிரித்துவிட்டாள்.

"எங்க வூட்டுக்காரரு பட்டினிதாங்க கெடப்பாரு!"

அவள் சிரித்ததில் நியாயம் இருந்தது. அவள் புருஷன் லட்சுமணன் சாமை விதைப்பான், புளி உலுக்குவான், மரமேறுவான். அடுப்புப் பக்கம் மட்டும் தலைவைத்துப் படுத்ததில்லை. வேறு வழியில்லாமல் முதல் நாள் கேழ்வரகுக் களி கிண்டினான். மேலே களி, உள்ளே மாவு. நாய்கூட மோந்துபார்த்துவிட்டுப் போய்விட்டதாக அடுத்த வீட்டுத் தமிழரசி ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தாள். ஆம்பிளைகள் டீக்கடையில், "இன்னிக்கு இன்னா கொழம்புடா?" என்று அவனை ஓட்டினார்கள். அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பச்சையம்மா வாசற்படியில் உட்கார்ந்தபடி அதிகாரம் பண்ணுவாள். தீயைக் குறை, புளியை ஊற்று, இப்போது மூடு. உப்புப் பார்க்க அவன் கரண்டியை உயரத் தூக்கி அவள் உள்ளங்கையில் கொஞ்சம் விடுவான். கரண்டி கையில் படக் கூடாது என்று நான் மிரட்டி வைத்திருந்தேன். அவள் நக்கிப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளிப்பாள். அவன் பேசாமல் உள்ளே போய்த் தண்ணீர் சேர்ப்பான். நான் போகும்போதெல்லாம் இந்தக் கூத்தைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுத்தான் வருவேன். பார்க்க எனக்குப் பிடித்திருந்தது.

முதல் சோதனையில் கிருமி இல்லை. இரண்டாவதிலும் இல்லை. மூன்றாவது டப்பாவைக் கையில் கொடுத்து, "இதுவும் நல்லா வந்துட்டா நீ ராணிடி," என்றேன்.

டப்பா வரவில்லை. கேட்டால் போளூரில் கல்யாணம் என்றாள். பிறகு டப்பாவை எங்கோ வைத்துவிட்டேன் என்றாள். வேறு டப்பா கொடுத்தேன். அதுவும் வரவில்லை. இதற்குள் விடுதி வார்டன் குமரேசன் என்னைப் பிடித்துக்கொண்டார். "பொங்கல் லீவு முடிஞ்சி பசங்க வந்துருவாங்க மேடம். அதுக்குள்ள ரிசல்ட் வரலன்னா வேற ஆள்தான் போடணும். எனக்கு வேற வழியில்ல."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. அந்த வேலை அவள் படாதபாடு பட்டு வாங்கியது. பிள்ளைகள் என்றால் அவளுக்கு உயிர். கைக்கு எட்டிய பிறகு இப்படியா விட்டுத்தொலைப்பாள்? சாயங்காலம் வெயிலில் ஏறிப்போனேன். அவள் வாசலில் புளியங்கொட்டை தட்டிக்கொண்டிருந்தாள். உள்ளே அடுப்புப் புகைந்தது.

"இன்னாடி வெளையாடறியா? கிருமி வந்துருமோன்னு பயமா?"

"இல்லீங்க."

"வேலைக்குப் போவப் பிடிக்கலயா?"

"ஐயோ, போவணுங்க நர்சம்மா. புள்ளைங்கள கண்ணுல பாக்கணுங்க."

"அப்ப குடுக்கறதுக்கு இன்னாடி கேடு?"

கையிலிருந்த புளியைக் கீழே வைத்தாள். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"எங்கம்மா கூலிக்குப் போய்ட்டப்ப சின்னப் பொண்ணா அடுப்பாண்ட போனவங்க நானு. தம்பிங்களுக்கு ஆக்கனேன். மாமியாவூட்ல ஆக்கனேன். பள்ளிக்கூடத்துல ஆக்கனேன். எல்லாரும் துன்ன பொறவு சட்டியில இருக்கறத நின்னுக்கினே வழிச்சித் துன்னுடுவேன். ஒருத்தரும் தட்டு வச்சி என்ன கூப்ட்டதில்லீங்க. இப்ப இவுரு கூப்புடறாரு. 'வா பச்ச, ஆறிப்போவுது'ன்றாரு. எனக்குப் போட்டுட்டுதான் அவுரு துன்றாரு. இந்த டப்பாவ குடுத்துட்டா கரண்டி என் கைக்கே வந்துருங்க. இன்னும் ஒரு மாசம் போவட்டும்னு..."

சொல்லிவிட்டு வெட்கப்பட்டுச் சிரித்தாள். மாதாவே, நான் திட்ட வைத்திருந்த வார்த்தையெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. இத்தனை வருஷம் பழகியும் இவள் எப்போது சாப்பிடுகிறாள் என்று நான் ஒரு தடவைகூட யோசித்ததில்லை.

உள்ளேயிருந்து லட்சுமணன் வந்தான். அவன் கண் சிவந்திருந்தது. புகையாகவும் இருக்கலாம், அப்படித்தான் இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அவள் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான்.

"என் கையால சோறு துன்றதுக்கு நீ நோவாளியாவே இருக்கணுமா பச்ச?"

அவள் மறுபடி புளியை எடுக்க, அவன் அதைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டான்.

"டப்பாவ குடு. வேலைக்குப் போ. சாயங்கால அடுப்பு என்னுது. நீ கேட்டாலும் தரமாட்டேன்."

மறுநாள் காலையில் டப்பா வந்தது. பொங்கல் முடிந்த கையோடு மலைக்குக் கீழே உள்ள சோதனைக்கூடத்திலிருந்து போனும் வந்தது. கிருமி இல்லை. பிள்ளைகள் வருவதற்கு முன்பே வார்டனிடம் சொல்லிவிட்டு, கையிலிருந்த வேலையைப் போட்டது போட்டபடி ஓடினேன். சாயங்காலம் ஆகிவிட்டது. பாதி வழியிலிருந்தே, "பச்சையம்மா! நாளைக்கே வேலைக்கு வரச் சொல்லிட்டாங்கடி!" என்று கத்திக்கொண்டே போனேன்.

அவள் எழுந்து ஓடிவரவில்லை. உள்ளே சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். எதிரில் தட்டு. லட்சுமணன் சாமைச் சோற்றில் குழம்பை ஊற்றிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் அவள் முகமெல்லாம் பல்லாயிற்று.

"கொஞ்சம் உக்காருங்க நர்சம்மா," என்றாள். "சாப்ட்டுட்டு வர்றேன்."