மகளைக் கேட்காமல் கொடுத்த ஜெபக் குறிப்பு

மைசூரில் அரண்மனை இருக்கிறது, மிருகக்காட்சிசாலை இருக்கிறது. நாங்கள் இரண்டையும் பார்க்கவில்லை. தசராக் கூட்டம் வடிந்த பிறகு, நவம்பர் முதல் சனிக்கிழமை, நானும் கணவரும் கோவையிலிருந்து கிளம்பியது மகளிடம் மன்னிப்புக் கேட்க.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். போன வருஷம் அவள் ஒரு கஷ்டத்தைப் போனில் என்னிடம் மட்டும் சொல்லி அழுதாள். என்ன கஷ்டம் என்று எழுத மாட்டேன், சொல்லித்தானே கெட்டேன்! மறுநாளே எங்கள் சபைப் பெண்கள் கூட்டத்தில், எல்லோரும் அவளுக்காக ஜெபிக்கட்டும் என்று அதை ஜெபக் குறிப்பாகக் கொடுத்துவிட்டேன், பேரோடு. ஞாயிற்றுக்கிழமைக்குள் அவளுக்கு ஆறுதல் போன்கள் குவிந்துவிட்டன. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் ஜெபம் பண்ணியே கெட்டேன். அன்றிலிருந்து அப்பாவிடம் மட்டும்தான் பேசுவாள். பதினோரு மாதம்.

காந்திபுரத்தில் காலை 6.15 பஸ். ஆளுக்கு 310 ரூபாய், சத்தியமங்கலம் வழியாக ஏறக்குறைய 200 கிலோமீட்டர். திம்பத்தில் இருபத்தேழு கொண்டை ஊசி வளைவு. லேசான வயிற்றுக்காரர்கள் சத்தியில் சாப்பிடாதீர்கள். என் கணவர் ஆறு இட்லி சாப்பிட்டார், பத்தாவது வளைவில் அனுபவித்தார். நஞ்சன்கூட்டில் பஸ் பத்து நிமிஷம் நின்றது. அந்த ஊர் ரசபாலே வாழைப்பழம் ஒரு சீப்பு, 90 ரூபாய். மகளுக்கு, எங்கள் பாப்பாவுக்கு, பிடிக்கும்.

பன்னிரண்டு மணிக்கு மைசூர். மகள் வீடு ஹெப்பாளில். ஆட்டோ எட்டு கிலோமீட்டர், 180 ரூபாய். வழியில் இரட்டைக் கோபுரத் தேவாலயத்தில் நிறுத்தச் சொன்னேன். பக்தி என்று நினைக்காதீர்கள், பயம். உள்ளே உட்கார்ந்து அழுதுவிட்டு வந்தேன்.

ஆட்டோக்காரர் மைசூரிலேயே பிறந்த தமிழர். “இங்க வர்றவங்க எல்லாம் போட்டோ எடுப்பாங்க. நீங்க ஏம்மா அழறீங்க? மகள் வீட்டுக்குத்தானே? பன்னிம்மா, போலாம்.” கன்னடத்தில் ‘பன்னி’ என்றால் ‘வாங்க’.

கதவைத் திறந்ததும், “வாங்கப்பா. வாங்க” என்றாள். இரண்டாவது ‘வாங்க’ எனக்கு. அதில் அம்மா இல்லை. சாப்பாட்டில், எனக்கு ரசத்தில் கொத்தமல்லி ஆகாது என்று கரண்டியால் ஒதுக்கிவிட்டு ஊற்றினாள். ஆனால் பேச்செல்லாம் அப்பாவிடம்தான்.

சாயங்காலம் நாலு மணி பஸ்ஸுக்கு மூன்று மணிக்கே எழுந்தோம். எங்கள் வீடுகளில் ஜெபம் பண்ணாமல் யாரும் வாசல் தாண்டுவதில்லை. மருமகன் வழக்கம்போல, “அத்தை ஜெபம் பண்ணட்டும்” என்றுவிட்டார்.

எல்லோரும் கண்ணை மூடினார்கள். “அன்புள்ள ஆண்டவரே, எங்கள் மகள்...” என்று ஆரம்பித்தேன். மேலே வரவில்லை. மறுபடியும் அவளைப் பற்றித்தானே பேசுகிறேன், அவளிடம் எங்கே பேசினேன்? கண்ணைத் திறந்தேன். அவளும் மூடவில்லை.

“பாப்பா, நீ என்னை நம்பிச் சொன்னத ஊருக்கே சொல்லிட்டேன். ஜெபத்துக்குத்தானேன்னு சாக்கும் சொல்லிட்டேன். தப்புதான் கண்ணு, மன்னிச்சிரு. இப்ப உனக்கு என்னன்னு ஜெபம் பண்ணட்டும்? நீயே சொல்லு.”

பாப்பா என் பக்கத்தில் வந்து நின்றாள்.

“ஒண்ணும் சொல்ல வேண்டாம்மா. சும்மா கையப் பிடிச்சுக்கோ.”

பிடித்துக்கொண்டேன். ஆமென் சொல்ல வேண்டிய கணவர் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார். நாலு மணி பஸ் போயே போய்விட்டது.

நீங்களும் போவதானால்: திம்பத்தில் இரவுப் போக்குவரத்துக்குக் கட்டுப்பாடு உண்டு, மதியமே கிளம்பிவிடுங்கள். இல்லை, எங்களைப் போலத் தங்கிவிடுங்கள். யாருக்காகவாவது ஜெபிக்கச் சொல்லி நாலு பேரிடம் கேட்பதற்கு முன், அவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால் நீங்களும் ஆண்டவரும் மட்டும் பேசிக்கொள்ளுங்கள், அவருக்குக் காது நன்றாகவே கேட்கும்.

இதைப் போடுவதற்கு முன் பாப்பாவுக்குப் போனில் படித்துக் காட்டினேன். இரண்டு வரியை எடுக்கச் சொன்னாள். எடுத்துவிட்டேன். என்ன வரி என்று கேட்காதீர்கள்.