பால்பவுடர் டின்னில் ஈரம்

அழுகிய வெள்ளரிக்காயின் வாடை எங்கிருந்தாவது வந்தால் இன்றும் என் கண் முதலில் ஜன்னலைத்தான் பார்க்கும். கள்ளிக்குப்பத்தில் நாங்கள் குடியிருந்த ஐந்து வீட்டு வரிசையில், எங்கள் ஜன்னல் கட்டையின் மேல் ஒரு கோடைகாலம் முழுவதும் ஒரு முள்செடி பால்பவுடர் டின்னில் உட்கார்ந்திருந்தது. கவிழ்த்த தேங்காய் மூடி போன்ற உருண்டை, உடம்பெல்லாம் முள்.

அது பக்கத்து வீட்டு ஸ்டெல்லா அக்காவுடையது. துபாய்க்கு வேலைக்குப் போன அவர் கணவர் முதல் லீவில் கொண்டுவந்தது. அடுத்த லீவுக்கு அவர் வரவில்லை, கடிதமும் நின்றுபோனது. தங்கையின் பிரசவத்துக்காக இரண்டு மாதம் வேப்பம்பட்டுக்குப் போக வேண்டியிருந்ததால், ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டு வீட்டிலேயே இருந்த என் கையில் அக்கா டின்னைக் கொடுத்தார்.

"நீதான்டா வாயும் தொறக்க மாட்டே, வாலும் ஆட்ட மாட்டே. பதினஞ்சு நாளிக்கு ஒருக்கா ரெண்டு ஸ்பூன் தண்ணி. அதுக்கு மேல ஒரு சொட்டு ஊத்தாதே."

அம்மாவுக்கு அப்போதே பிடிக்கவில்லை. "முள்ளுச் செடிய ஊட்டுக்குள்ள வச்சா சண்ட வரும்னு அவளுக்குத் தெரியாதா? தண்ணி வாணாங்கிற செடி எங்கனா கீதா? செத்துப்பூட்டா நம்ம தலையில கட்டத்தான் குட்துட்டுப் போறா."

காலண்டரில் புள்ளி வைத்து, ஸ்பூனால் அளந்துதான் ஊற்றினேன். ஆனால் மூன்றாம் நாள் காலை விரல் வைத்தால் மண் ஈரமாக இருந்தது. மறுநாளும் அப்படியே. அரிசி கழுவிய தண்ணீரைக் கறிவேப்பிலைக்கு ஊற்றும் அம்மாமேல்தான் எனக்குச் சந்தேகம். குண்டானோடு அவள் எழுந்தால் நானும் எழுந்தேன். "இன்னாடா பின்னாலயே வர்றே, போலீசா நீ?" என்றாள். டம்ளரோடு நான் ஜன்னல் பக்கம் நின்றால் அவள் என்னை முறைத்தாள். ஒருநாள் மண்மேல் கோலமாவைத் தூவிவிட்டுப் படுத்தேன். காலையில் அது கூழாகக் கிடந்தது.

அடுத்த நாள் விடியலில் போர்வைக்குள் விழித்தே கிடந்தேன். இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் கம்பெனியில் முதல் ஷிப்டுக்குக் கிளம்பிய அப்பா, சொம்புத் தண்ணீரில் பாதியைக் குடித்துவிட்டு, மீதியை டின்னில் ஊற்றினார். "குடி நைனா. இன்னா வெயிலு. ஒர்த்தரும் உன்னக் கண்டுக்க மாட்றாங்க."

அந்தக் குரலில் அப்பா எங்கள் யாரிடமும் பேசியதில்லை. ஊற்றாதே என்று எப்படிச் சொல்வது? நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்றே நாள் போனது. செடியின் அடி மஞ்சளாகி, பழுத்த பழம்போலக் கொழகொழத்தது.

அக்கா திரும்பி வந்த அன்று அப்பா ஷிப்டில் இருந்தார். அக்கா தொட்டதும் விரல் செடிக்குள் போய்விட்டது; அழுகிய வெள்ளரிக்காய் வாடை அடித்தது. அவர் என்னைப் பார்க்கவில்லை, அம்மாவைத்தான் பார்த்தார். "உனுக்குத்தான் இத்தக் கண்டாலே ஆகலியே யக்கா. வேணும்னே ஊத்திக்கீறே."

"எம்புள்ள மேல சத்தியமா நான் ஊத்தல!" என்று அம்மா என் தலையில் கை வைத்தாள். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் விஷயம் கேட்ட அப்பா, காலிச் சொம்பை வைத்துக்கொண்டு, "பாவம், தண்ணி பத்தலயோ இன்னாவோ" என்றார்.

இரண்டு வீட்டுக்கும் பொதுவாகக் கட்டியிருந்த துணிக்கொடியை மறுநாளே அக்கா அவிழ்த்துவிட்டார். பொங்கலுக்குள் வீட்டையும் காலி செய்தார். "சொன்னேனே, சண்ட வரும்னு" என்று அம்மா கடைசிவரை செடியைத்தான் குற்றம் சொன்னாள்.

அந்த வரிசை வீடுகள் இருந்த இடத்தில் இப்போது மூன்று மாடி நிற்கிறது. அம்மாவும் அப்பாவும் இல்லை. ஸ்டெல்லா அக்கா எங்கே இருக்கிறாரோ, தெரியாது. நூம்பல் பக்கம் ஒரு நர்சரியில் என் மகள் வாங்கிவந்த கள்ளிச்செடி எங்கள் ஜன்னலில் இருக்கிறது. காலையில் எழுந்ததும் அதன் மண்ணில் விரல் வைத்துப் பார்க்காமல் எனக்கு டீ இறங்காது.

"இன்னாப்பா, டெய்லி செக் பண்றே? எம்மேல டவுட்டா?" என்று நேற்று கேட்டாள்.

"உன் மேல இல்லம்மா. உங்க தாத்தாதான் ஊத்துவாரு" என்றேன். நாற்பது வருடத்துக்கு அப்புறம், அதைக் கேட்க வேண்டிய இரண்டு பெண்களும் இல்லாத ஒரு வீட்டில்.